பிக்கப் வண்டியின் பின்புறக் குலுக்கம்: காரணங்களைக் கண்டறியும் முறை

வயலில் நன்கு விளைந்த தக்காளி சந்தையில் நன்கு விலைபோகும் என்பது நிச்சயமன்று. வயலுக்கும் சந்தைக்கும் இடையே வண்டிப் பயணம் ஒன்று உண்டு. இலங்கையில் மரக்கறி, பழவகைகளில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின்னர் வீணாவதாக நெடுங்காலமாகக் கணிக்கப்பட்டு வருகின்றது. இவ்விழப்பின் ஒரு பகுதி, பொருள் வண்டியிலே குலுங்கி நசுங்குவதனால் ஏற்படுவதாகும்.

திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரருக்கு இவ்விடயம் மிகவும் பொருத்தமானது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, கந்தளாய் ஆகிய இடங்களின் நெல்லும், நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளின் சின்ன வெங்காயமும் மரக்கறியும் இன்று பெரும்பாலும் சிறு பிக்கப் வண்டிகளிலேயே ஏற்றப்படுகின்றன. 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, துறையிலே பாதை எனப்படும் மிதவைக்குக் காத்திருக்கும் நிலை நீங்கிற்று. ஹபரணை வழியாகத் தம்புள்ளைச் சந்தைக்குச் செல்லும் பெருவீதியும் செப்பமாக உள்ளது. ஆயினும் வயலிலிருந்து பெருவீதியை அடையும்வரை கிறவல் வீதிகளும், குளக்கட்டுகளும், மதகு மேடுகளும் இருக்கவே செய்கின்றன. வண்டியின் பின்வில் பழுதுபடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

"வண்டி அடிக்கின்றது" என்று மாத்திரம் கூறி மெக்கானிக்கிடம் விட்டுவிடின், தேவையற்ற பாகங்களை மாற்றிப் பணம் விரயமாதல் கூடும். அதனினும் பெரிய ஆபத்து, முறிந்த வில்லோடு பாரமேற்றிச் செல்லுதல். ஆதலின் எக்காரணத்தாற் குலுக்கம் உண்டாகின்றது என்பதைக் கமக்காரர் தாமே ஒழுங்குமுறையாக ஆராய்ந்து அறிதல் நன்று.

1. பின்வில்லின் அமைப்பு

பெரும்பாலான பிக்கப் வண்டிகளின் பின்புறத்தில், அச்சின் இரு பக்கங்களிலும் தகட்டு வில்கள் பொருத்தப்பட்டுள்ளன. டிமோ பட்டா என நம்மவர் வழங்கும் சிறு வண்டியிலும் இதுவே அமைப்பு. நீளத்திற் குறைந்து செல்லும் உருக்குத் தகடுகள் ஒன்றின்மேலொன்றாக அடுக்கப்பட்டு, நடுவிலே நடு ஆணியாற் பிணைக்கப்பட்டிருக்கும். மிக நீண்ட தகடு தாய்த்தகடு ஆகும். அதன் இரு முனைகளும் கண்போல வளைக்கப்பட்டு, இறப்பர் புஷ் இடப்பட்டிருக்கும். முன்முனை, சசி எனப்படும் அடிச்சட்டத்தில் நேரே பூட்டப்படும். பின்முனை செக்கிள் எனும் ஆடும் இணைப்பில் தொங்கும். வில் பாரத்தால் நிமிரும்போது நீளுமாகையால் இவ்வாடும் இணைப்பு அவசியமாயிற்று.

அச்சும் வில்லும் யூ-போல்ற்றுகளால் இறுக்கப்பட்டுள்ளன. அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே சொக் அப்சோபர் எனும் அதிர்வு தாங்கி உண்டு. பாரம் மிகுந்து அச்சு மேலெழும்பின், இரும்பும் இரும்பும் மோதாதிருக்க முட்டு இறப்பர் ஒன்றும் உண்டு.

வில்லின் வேலை வேறு. அதிர்வு தாங்கியின் வேலை வேறு. பாரத்தைத் தாங்குவது வில். மேட்டில் ஏறி இறங்கியபின் வில் தொடர்ந்து ஆடாது அடக்குவது அதிர்வு தாங்கி. அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளினூடு நெருக்கப்படுகின்றது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்குக் காரணம் காண்பதிற் பாதி வேலை முடிந்ததாகும். தாழ்ந்து நிற்கும் வண்டிக்கு அதிர்வு தாங்கியை மாற்றுவதாலும், ஓயாது துள்ளும் வண்டிக்குத் தகடு சேர்ப்பதாலும் பயன் விளையாது.

2. முதலில் ஆராய வேண்டியவை

வெறுமையாகச் செல்லும் பிக்கப் வண்டி சற்றுக் கடினமாகக் குலுங்குதல் இயல்பே. அவ்வில் பாரத்துக்கென அமைக்கப்பட்டது; பாரமில்லாதபோது அது போதியளவு வளையாது. பாரமேற்றியபின் குலுக்கம் தணியுமாயின் அது பழுதன்று. பாரமேற்றியபின்னும் குலுக்கம் நீடித்தாலோ, முன்னர் இல்லாத குலுக்கம் புதிதாகத் தோன்றினாலோ ஆராய்தல் வேண்டும்.

(அ) ரயர்க் காற்று. வில்லைக் குறைகூறுமுன் காற்றமுக்கத்தைப் பார்த்தல் வேண்டும். நெல்லேற்றும்போது நிரப்பிய அதிக காற்றுடனேயே வெறும் வண்டியை ஓட்டின், சிறு கல்லும் பெரிய அடியாக உணரப்படும். வண்டிக்குரிய அமுக்கம், வெறுமைக்கும் பாரத்துக்கும் தனித்தனியே, பெரும்பாலும் சாரதியின் கதவோரத் தகட்டிலோ கைந்நூலிலோ குறிக்கப்பட்டிருக்கும். ரயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே அளத்தல் முறை.

(ஆ) பாரம். வண்டியின் பதிவுச் சான்றிதழிலே அனுமதிக்கப்பட்ட நிறையைப் பார்க்க. உதாரணமாக, 750 கிலோகிராம் ஏற்றத்தக்க வண்டி ஒன்றைக் கொள்வோம். ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 20.9 கிலோகிராம். மூன்று புசல் கொண்ட சாக்கு ஒன்று ஏறக்குறைய 63 கிலோகிராம். ஆகவே 11 சாக்குகள் ஏற்றின் 690 கிலோகிராம் வரை ஆகும். 12 சாக்குகளுடன் எல்லை நிறைந்துவிடும். அதே வண்டியில் 20 சாக்குகள் ஏற்றுவோர், எல்லைக்கு மேலாக 500 கிலோகிராம் ஏற்றுகின்றனர்.

ஈர நெல்லைப் பற்றியும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இயந்திரத்தால் அறுத்து உடனே ஏற்றப்படும் நெல்லில் 22 வீதம் ஈரம் இருப்பதாகக் கொண்டால், அதன் 1000 கிலோகிராம், 14 வீதத்துக்கு உலர்ந்தபின் ஏறக்குறைய 907 கிலோகிராமே நிற்கும். எனவே உலர்ந்த நெல்லின் கணக்கிலே ஈர நெற் சாக்குகளை ஏற்றுதல் தவறாகும்.

(இ) நடுக்கம் வேறு, குலுக்கம் வேறு. செப்பமான வீதியிலும் குறித்த ஒரு வேகத்தில் மாத்திரம் வண்டி நடுங்குமாயின், காரணம் பெரும்பாலும் வில்லிலன்று. சில்லுகளின் சமநிலை, ரயரின் வீக்கம், உந்துதண்டின் மூட்டு ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். வீதியின் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஏற்ப உண்டாகும் குலுக்கமே வில்லின் பாற்பட்டது.

3. வீட்டிலே செய்யத்தக்க சோதனைகள்

சோதனைக்கு நெற்களம் போன்ற சமதரையே ஏற்றது. வண்டியின் கீழே பார்வையிடுமுன் எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்கு அடைக்கட்டை வைத்தல் வேண்டும். பின்புறத்தை ஜக்கினால் உயர்த்துவதாயின் முன்சில்லுகளுக்கு அடைவைத்தல் இன்றியமையாதது. ஏனெனில் கைத்தடை பொதுவாகப் பின்சில்லுகளையே பிடிப்பது. அவை தரையைவிட்டு எழுந்தபின் அதனாற் பயனில்லை. ஜக்கை மாத்திரம் நம்பி எவரும் வண்டியின் கீழே புகலாகாது. உறுதியான தாங்கிகளைச் சட்டத்தின் கீழே நிறுத்திய பின்னரே புகுதல் வேண்டும்.

முதலாம் சோதனை: உயரம் அளத்தல். வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்துக. பின்சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்க. பின்னர் நான்கு நெற் சாக்குகளை அச்சின் மேலாக நடுவில் வைத்து, முன்போலவே ஓட்டி நிறுத்தி மீண்டும் அளக்க. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரேயளவு இறங்குதல் வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கின் அப்பக்கத்து வில் தளர்ந்தது அல்லது முறிந்தது. சாக்குகளை இறக்கியபின் பழைய உயரத்துக்கு வண்டி மீளாவிடின், தகடுகள் துருவினால் ஒட்டியுள்ளன அல்லது செக்கிள் இறுகிவிட்டது எனக் கொள்ளலாம்.

இரண்டாம் சோதனை: அமுக்கி விடுதல். அச்சாக்குகள் வண்டியில் இருக்கும்போதே, பின்மூலை ஒன்றை இருவர் சேர்ந்து சிலமுறை அமுக்கி ஆடவிட்டுக் கையை எடுக்க. வண்டி ஒருமுறை எழுந்து அமைதியடைதல் வேண்டும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஆடின் அப்பக்கத்து அதிர்வு தாங்கி வலுவிழந்தது. வெறும் வண்டியின் வில் கைக்கு எளிதில் இணங்காது. ஆதலால் பாரத்துடன் செய்தலே தெளிவு தரும்.

மூன்றாம் சோதனை: வெப்பம் பார்த்தல். கிறவல் வீதியிலே சில கிலோமீற்றர் ஓட்டி நிறுத்தியபின், அதிர்வு தாங்கி இரண்டையும் புறங்கையால் எச்சரிக்கையுடன் அணுகிப் பார்க்க. வேலை செய்வது சூடேறியிருக்கும். ஒன்று சூடாகவும் மற்றையது குளிர்ந்தும் இருப்பின், குளிர்ந்ததே பழுதானது. அதன் உடலில் எண்ணெய் வழிந்து புழுதி படிந்திருப்பதும் அதற்குச் சான்றாகும்.

நான்காம் சோதனை: வெடிப்புத் தேடல். தகடுகளைக் கம்பித்தூரிகையால் தேய்த்துத் துப்புரவாக்குக. மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரத்தின்பின் நன்றாகத் துடைத்து, வெண்கட்டியைப் பூசுக. வெடிப்பினுள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளையின்மேல் கருங்கோடாகத் தோன்றும். நடு ஆணியின் அண்மை, யூ-போல்ற்றின் ஓரம், ஒரு தகட்டின் முனை மற்றொரு தகட்டில் அழுந்தும் இடம் ஆகியவற்றிலே வெடிப்பு பெரும்பாலும் தொடங்கும். சோதனை முடிந்ததும் மண்ணெண்ணெயைத் துடைத்து அகற்றுக. இறப்பர் புஷ்களில் அது படலாகாது. தீச்சுவாலையையும் அருகே வைத்தலாகாது.

ஐந்தாம் சோதனை: அச்சின் நேர்மை. முன்சில்லுகளை நேராக வைத்து, முன்சில்லின் நடுவுக்கும் பின்சில்லின் நடுவுக்கும் இடையேயுள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்க. இவ்விரு அளவுகளும் ஒத்திராவிடின், நடு ஆணி அறுந்து அச்சு இடம்பெயர்ந்திருத்தல் கூடும். இதனை மிகப் பாரதூரமான குறியாகக் கொள்க. அவ்வண்டியிற் பாரமேற்றலாகாது.

4. குறியும் காரணமும்

மேட்டின்பின் ஓயாது துள்ளுதல். ரயரில் இடையிடையே குழிவிழுந்த தேய்வு: அதிர்வு தாங்கி தேய்ந்தது.

பள்ளந்தோறும் "தொம்" என்ற பேரோசையுடன் அடித்தல்: அச்சு முட்டு இறப்பரில் மோதுகின்றது. பாரம் மிகுதி அல்லது வில் தளர்ந்து தட்டையாயிற்று. முட்டு இறப்பரின் பளபளப்பான தேய்வு இதனை உறுதிப்படுத்தும்.

மெதுவாகச் செல்லும்போதும் "டக் டக்" என்ற ஓசை: புஷ் தேய்வு, செக்கிள் ஆணியின் தளர்வு, அதிர்வு தாங்கியின் முனைப்பூட்டுத் தளர்வு, அல்லது யூ-போல்ற்றுத் தளர்வு. கண்ணிலே நெம்புகோலை இட்டு அசைத்து ஆட்டத்தைக் காண்க.

கிறீச்சிடும் ஓசையுடன் கடினமான குலுக்கம்: தகடுகளுக்கிடையே துரு அல்லது உலர்வு.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்றல்: அப்பக்கத்துத் தகடு முறிந்தது அல்லது தளர்ந்தது. எண்ணெய்த் தாங்கியின் நிறையால் உண்டாகும் சிறு சாய்வு பழுதாகாது.

நேரே செல்லும் வண்டியின் பின்புறம் ஒருபுறமாக ஒதுங்கிச் செல்லுதல்: அச்சு இடம்பெயர்ந்தது. உடனே நிறுத்துக.

5. கடற்காற்றும் உப்பும் பசளையும்

திருகோணமலைக் குடாவையும் கொட்டியார்க் குடாவையும் சூழ்ந்த இம்மாவட்டத்தில், வில்லின் பெரும் பகை உப்பேயாகும். காலையில் மீனும் மாலையில் மரக்கறியும் ஏற்றும் வண்டிகள் பல. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீர், பலகையின் இடுக்கினூடு நேரே வில்லின்மேல் விழுகின்றது. நிலாவெளி, குச்சவெளி உப்பளங்களின் சுமையும் அவ்வாறே. எம்.ஓ.பி. எனப்படும் பொட்டாசுப் பசளையும் ஒருவகைக் குளோரைட்டு உப்பாகையால், கிழிந்த பையிலிருந்து சிந்தியது ஈரத்துடன் சேர்ந்து இரும்பை அரிக்கும்.

தகடுகளுக்கிடையே உண்டாகும் துரு இருவகையில் தீங்கு செய்கின்றது. தகடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்குவதைத் தடுத்து வில்லை மரக்கட்டைபோல் ஆக்குகின்றது. அன்றியும், அரித்த சிறு குழியிலிருந்தே வெடிப்புத் தொடங்கி நாளடைவில் தகட்டை முறிக்கின்றது. ஆகையால் மீன், உப்பு, பசளை ஏற்றிய அன்றே நன்னீரால் அடிப்புறத்தைக் கழுவுதல் வேண்டும். ஐந்து நிமிட வேலை ஒரு சோடி வில்லின் ஆயுளை நீட்டும்.

தேய்ந்த எஞ்சின் எண்ணெயை வில்லின்மேல் ஊற்றும் வழக்கம் விலக்கத்தக்கது. அது இறப்பர் புஷ்களைப் பழுதாக்கும்; புழுதியை ஈர்க்கும்; வாய்க்கால் நீரையும் மாசுபடுத்தும். வில்லைக் கழற்றித் துப்புரவாக்கும்போது, உற்பத்தியாளர் அனுமதிக்கும் வகையாயின், தகடுகளுக்கிடையே காரியக் கிறீஸ் இடுதலே முறை.

6. திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முறிந்த தகட்டை ஒட்டவைத்தல் கூடாது. வில்லுருக்கு வெப்பப் பதப்படுத்தலால் மீள்தன்மை பெற்றது. ஒட்டும் வெப்பத்தால் அப்பதம் கெட்டு, அவ்விடமே மீண்டும் முறியும். மதகு மேட்டில் முறிந்தால் நட்டம் பணத்தோடு போகும். பெருவீதியில் ஆட்களுடன் முறிந்தால் உயிரோடு போகும்.

வில்லையும் அதிர்வு தாங்கியையும் சோடியாகவே மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாயின் வண்டி சமமாக நில்லாது.

யூ-போல்ற்றுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, குறுக்கு முறையில், உற்பத்தியாளர் கூறிய அளவுக்கு இறுக்குவித்தல் வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் பார்த்தல் அவசியம். யூ-போல்ற்றுத் தளர்வே நடு ஆணி அறுவதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றது.

இறப்பர் புஷ்ஷின் ஆணிகளை, வண்டியின் நிறை சில்லுகளின்மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்குதல் வேண்டும். சில்லுகள் தொங்கும் நிலையில் இறுக்கின், வண்டி இறங்கியதும் இறப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும்.

கூடுதல் பாரமேற்றும் ஆசையால் தகடு சேர்த்தல் நன்மையிலும் தீமையே மிகச் செய்யும். தகடு சேர்ப்பதால் அச்சும் தடையும் சட்டமும் வலுப்பெறுவதில்லை. வில் வளையாதபோது அடி முழுவதையும் சட்டமே ஏற்று வெடிக்கும். அன்றியும், சில பிக்கப் வண்டிகளிலே பின்தடையின் அளவை வண்டியின் தாழ்வைக்கொண்டு சீராக்கும் கருவி உண்டு. தகடு சேர்த்து உயர்த்திய வண்டியில், பாரமில்லை என்றே அக்கருவி கொள்ளும், பின்தடை குறையும். நெல்லோடு இறக்கத்தில் இறங்குபவர்க்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

7. மரக்கறி ஏற்றும் முறை

வில் நன்றாயிருப்பினும் ஏற்றும் முறை தவறாயின் பொருள் கெடும். தகட்டு வில் வண்டிகளிலே குலுக்கம் மிக உணரப்படுவது பின்னச்சின் மேலும் அதற்குப் பின்னுமாகும். அடுக்கின் உச்சியிலே இன்னும் அதிகம். ஆகையால் தக்காளி, கத்தரி, பழுத்த பப்பாசி முதலிய மென்பொருள்களைச் சாரதியின் அறையை ஒட்டி முன்புறத்தில் வைத்தல் வேண்டும். வெங்காயம், பூசணி ஆகியவை பின்னே செல்லலாம். பாரம் முழுவதையும் அச்சுக்குப் பின்னே குவித்தல் ஆகாது. முன்சில்லு இலேசாகித் திருப்புதல் தளரும்.

2011 ஆம் ஆண்டின் இறுதியில் பிளாஸ்டிக் கூடைகளை அரசாங்கம் கட்டாயமாக்கியபோது எதிர்ப்பெழுந்தமை பலரும் அறிந்ததே. கூடையின் விலையும், அது பிடிக்கும் இடமும் கமக்காரருக்குப் பெரும் கவலையாயின. ஆயினும் தக்காளி போன்ற மென்பொருளுக்குச் சாக்கைவிடக் கூடையே சிறந்தது என்பதில் ஐயமில்லை. கூடையின் உறுதியான சுவரே மேலடுக்கின் பாரத்தைத் தாங்குமாகையால் பொருள் நசுங்காது. கூடைகள் துள்ளாதவாறு கயிற்றால் இறுகக் கட்டுதல் வேண்டும். தளர்வாக வைத்த கூடை, தளர்ந்த வில்லைப் போலவே பொருளைக் கெடுக்கும்.

8. பருவத்துக்கேற்ற பராமரிப்பு

பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும் சிறுபோக அறுவடை ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் நிகழ்கின்றன. ஆகவே தை மாதத்திலும் ஆடி மாதத்திலும் வண்டியைச் சோதித்து வைத்தல் தகும். அறுவடை நாளிலே வில் முறியின், இயந்திரமும் ஆட்களும் காத்திருக்க, நெல் களத்திலே பனியில் நனையும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் சேற்றைக் கழுவி, யூ-போல்ற்று, புஷ், செக்கிள் ஆகியவற்றை மறுபடியும் பார்க்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

முதலில் ரயர்க் காற்று, அடுத்துப் பாரம், அதன்பின்னரே வில்.
தாழ்வது வில்லின் குறை. துள்ளுவது அதிர்வு தாங்கியின் குறை. தட்டும் ஓசை இணைப்புகளின் குறை.
அச்சு இடம்பெயர்ந்த வண்டியிலும் தகடு முறிந்த வண்டியிலும் பாரத்தையோ ஆட்களையோ ஏற்றற்க.
உப்பும் மீனும் பசளையும் ஏற்றிய அன்றே நன்னீரால் கழுவுக.
அளந்த உயரங்களையும் திருத்திய திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க. அடுத்த போகத்தில் அளக்கும்போது, வில் எவ்வளவு தளர்ந்தது என்பதை அக்கொப்பியே காட்டும்.